டானி ஹாத்தவேயும் உடன்பாடிய அரங்கும்

டானி ஹாத்தவே மறைந்தது 1979ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 13ஆம் நாள். அப்போது அவருக்கு வயது 33. தனிப்பாடகராகத் தம் வாழ்நாளில் ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவாக்கி அவர் வெளியிட்ட இசைத்தட்டுகள் மூன்று. ரொபர்ட்டா ஃப்ளாக்குடன் சேர்ந்து பாடியது ஒன்று. திரைப்படத்துக்கு இசையமைத்தது ஒன்று. இவற்றோடு, அரங்கில் மக்கள் முன்னிலையில் பாடியபோதே பதிவு செய்யப்பட்டு 1972இல் ‘லைவ்’ என்ற பெயரில் வந்த தட்டு ஒன்று. கைக்கு அடக்கமான சிறிய அடுக்குதான். இவற்றுள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றைக் கொடுத்துவிட வேண்டும் என்றால், நாம் தயங்காமல் வைத்துக்கொள்வது கடைசியாகச் சொன்ன அந்த ஒன்றைத்தான். அந்தத் தட்டில் ஹாத்தவேயின் குரல் இருக்கிறது; அக்குரலுக்கு இணையாக, அன்றைய இரவுகளில் அரங்கில் அமர்ந்திருந்து உடன்பாடிய, பெயர் தெரியாத சில நூறு மனிதர்களின் குரலும் இருக்கிறது. அந்த இரண்டாவது குரல் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இங்கே சற்று விரிவாகப் பார்க்க விரும்புகிறோம்.

ஸோல் இசையின் வேரைத் தேடிச் செல்பவர் எவரும் கறுப்பின மக்களின் திருச்சபை வாசலில் வந்து நின்றாக வேண்டும். ஐசக் வாட்ஸ் என்ற ஆங்கிலேயப் போதகர் விவிலியத்தின் சங்கீதங்களை எளிய செய்யுள்களாக்கி 1719இல் நூலாக வெளியிட்டார். அச்செய்யுள்கள் கடல் கடந்து அமெரிக்காவில் அடிமைப்பட்டிருந்த மக்களிடமும் போய்ச் சேர்ந்தன. தென்மாநிலங்கள் பலவற்றில் அம்மக்களுக்கு எழுத்தறிவிப்பதே சட்டப்படி குற்றமாக இருந்த காலம் அது. பாட்டுப் புத்தகம் கையில் இருந்தாலும் பயனில்லை. எனவே மூப்பர் ஒருவர் ஓர் அடியை உரக்கச் சொல்வார். சபையார் அதை வாங்கி, இழுத்து, ஆளுக்கொரு வளைவு கொடுத்துப் பாடுவர். இம்முறை முதலில் தோன்றியது பிரித்தானியத் தீவுகளில்தான். அங்கே அது பெரும்பாலும் வழக்கொழிந்து போன பிறகும் கறுப்பின பாப்டிஸ்ட் சபைகள் விடாமல் காத்துவந்தன. முன்பாட்டுக்காரர் என்பவர் பாட்டைத் தொடங்கி வைப்பவர் மட்டுமே; பாட்டு சபையினுடையது. சபை திருப்பித் தரவில்லையென்றால் பாட்டு அந்தரத்தில் நின்றுவிடும்.

இந்த மரபு இருபதாம் நூற்றாண்டில் நகரத்துக்கு வந்தது. 1910 முதல் 1970 வரையிலான அறுபது ஆண்டுகளில் ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பின மக்கள் தென்மாநிலங்களை விட்டு வடக்கிலும் மேற்கிலும் உள்ள நகரங்களுக்குப் பெயர்ந்தனர். அவர்களோடு பாட்டும் பெயர்ந்தது. சிகாகோவில் தாமஸ் டார்ஸி என்பவர் ப்ளூஸ் இசையின் நடையைச் சபைப் பாட்டுக்குள் கொண்டுவந்து, இன்று காஸ்பல் என்று அறியப்படும் இசைக்கு உருக்கொடுத்தார். 1932 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு திருச்சபைக் கூட்டத்துக்காக அவர் சென்றிருந்தபோது, சிகாகோவில் மகப்பேற்றில் மனைவி இறந்துவிட்டார் என்ற தந்தி வந்தது. குழந்தையும் பிழைக்கவில்லை. அந்தத் துயரத்திலிருந்துதான் ‘ப்ரெஷஸ் லார்ட்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அவருடைய புகழ்பெற்ற பாட்டு பிறந்தது. ஒருவருடைய துக்கத்தைச் சபை முழுதும் சேர்ந்து பாடுவது என்ற வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

சிகாகோ, செயின்ட் லூயிஸ் ஆகிய இந்த இரண்டு ஊர்களையும் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஹாத்தவே 1945 அக்டோபர் முதல் நாள் சிகாகோவில் பிறந்தார். வளர்ந்தது செயின்ட் லூயிஸில், பாட்டியின் வீட்டில். பாட்டி அந்த வட்டாரத்தில் அறியப்பட்ட காஸ்பல் பாடகி. பேரன் மூன்று வயதிலேயே சபையில் பாடத் தொடங்கிவிட்டான். கையில் சிறிய உக்குலேலே வாத்தியத்தை வைத்துக்கொண்டு, நாட்டின் மிக இளைய காஸ்பல் பாடகன் என்ற விளம்பரத்தோடு மேடையேறிய சிறுவன் அவன். பின்னர் பியானோ. பள்ளிப்படிப்பு முடிந்ததும் வாஷிங்டன் நகரின் ஹவர்ட் பல்கலைக்கழகத்தில் இசை பயில உதவித்தொகை கிடைத்தது. கறுப்பின மாணவர்களுக்கென்று உருவான அப்பல்கலைக்கழகத்தில் ஐரோப்பியச் செவ்வியல் இசையை அவர் முறையாகக் கற்றார். ரொபர்ட்டா ஃப்ளாக் அறிமுகமானதும் அங்கேதான். பட்டம் பெறுமுன்பே வேலை வாய்ப்புகள் வந்து இழுக்க, 1967இல் படிப்பைப் பாதியில் விட்டார்.

அடுத்து சிகாகோவில் கர்டிஸ் மேஃபீல்டின் நிறுவனத்தில் பிறருடைய பாட்டுகளுக்கு இசை ஒழுங்கு செய்து கொடுக்கும் வேலை. வாத்தியங்களுக்கு யார் எங்கே நுழைவது, எங்கே ஒதுங்குவது என்று எழுதிக் கொடுக்கும் அந்தப் பணியில் அவர் பெற்ற தேர்ச்சி பின்னால் அரங்கிலும் தெரிகிறது. சாக்ஸபோன் கலைஞர் கிங் கர்டிஸ் இவரைக் கண்டெடுத்து 1969இல் அட்லாண்டிக் நிறுவனத்தோடு சேர்த்துவைத்தார். ‘தி கெட்டோ’ என்ற முதல் தனித்தட்டு அவ்வாண்டின் இறுதியில் வந்தது. ஒலிப்பதிவுக்கூடத்தில் செய்த அந்தப் பாட்டில் ஒரு கைக்குழந்தையின் அழுகை கேட்கும். அவருடைய மகள் லேலாவின் அழுகை அது. (‘மோட்’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் முகப்புப் பாட்டைப் பாடியவரும் இவரே என்பதை இவ்விடத்தில் சொல்லிவைக்கலாம். இவர் பெயரே கேட்டிராத இலட்சக்கணக்கான அமெரிக்கர்கள் வாரந்தோறும் இவர் குரலைக் கேட்டிருக்கிறார்கள்.)

கூடத்தில் உருவான தட்டுகளைப் பற்றி நம் கருத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அவற்றில் சில இடங்களில் வயலின் கூட்டம் குரலைச் சூழ்ந்துகொண்டு மூச்சு முட்டச் செய்கிறது. கற்றதையெல்லாம் காட்டிவிடும் ஆர்வம் சற்று மிகுதி. நேரடிப் பதிவில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு மின்பியானோ, இரண்டு கிதார், ஒரு பேஸ் கிதார், டிரம்ஸ், காங்கா முரசு. அவ்வளவுதான். டிரம்ஸ் வாசித்த ஃப்ரெட் வைட்டுக்கு அப்போது வயது 16 என்பதைக் கேட்கும்போது நம்பக் கடினமாக இருக்கிறது. தாளம் அவ்வளவு நிதானமாக நடக்கிறது.

தட்டின் முதற்பக்கம் 1971 ஆகஸ்டுக் கடைசியில், லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் உள்ள ட்ரூபடோர் என்ற இசைவிடுதியில் பதிவானது. ஹாத்தவேயை அட்லாண்டிக்குக்கு அழைத்துவந்த கிங் கர்டிஸ் அதே மாதம் 13ஆம் நாள்தான் நியூயார்க்கில் தம் வீட்டு வாசலில் நடந்த தகராறில் குத்திக் கொல்லப்பட்டிருந்தார். இரண்டு வாரங்கள்தாம் கழிந்திருந்தன. நாட்டின் நிலையும் அதுபோலத்தான் இருந்தது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. வியத்நாம் போர் முடிந்தபாடில்லை. அன்றைய இரவுகளின் பதிவு தொடங்குவதே மார்வின் கே அவ்வாண்டில் வெளியிட்டிருந்த ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பாட்டோடு. போரிலிருந்து திரும்பிய தம்பியின் அனுபவங்களைக் கேட்டு நொந்திருந்த மார்வின் கே அதை முணுமுணுப்பது போலப் பாடியிருப்பார். ஹாத்தவே சற்றே வேகம் கூட்டுகிறார். கேள்வியாக இருந்தது முறையீடாகிறது.

பிறகு ‘தி கெட்டோ’. பன்னிரண்டு நிமிடங்களுக்கும் மேல் நீளும் இந்தப் பாட்டில் சொற்கள் என்று பார்த்தால் விரல்விட்டு எண்ணிவிடலாம். நெடுநேரம் மின்பியானோதான் பேசுகிறது. இறுதிப் பகுதியில் அவர் கூட்டத்தைப் பாட அழைக்கிறார். அரங்கை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு வரியைக் கொடுக்கிறார். ஒரு வரி மற்றொன்றின் மீது சாய்ந்துகொள்கிறது. கறுப்பின ஏழைகள் அடைபட்டுக் கிடக்கும் சேரியின் பெயரை, அந்தச் சேரியிலிருந்து வந்தவர்களும் அதைக் கண்ணால் கண்டிராதவர்களும் ஒரே மேசையில் அமர்ந்து திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு அன்றுவரை இருந்த இழிவு, சொல்லச் சொல்லக் கழன்று விழுவதை நாம் காதால் கேட்கிறோம்.

நான்காவதாக வருவது ‘யூவ் காட் எ ஃப்ரெண்ட்’. கரோல் கிங் எழுதியது. அவரும் ஜேம்ஸ் டெய்லரும் 1970 நவம்பரில் இதே ட்ரூபடோர் மேடையில் பாடியவர்கள். டெய்லரின் குரலில் அப்பாட்டு 1971 ஜூலைக் கடைசியில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்தை எட்டியிருந்தது. ஹாத்தவேயும் ஃப்ளாக்கும் இணைந்து பாடிய வடிவமும் அதே ஆண்டு வந்தது. ஆகவே அரங்கில் இருந்தவர்களுக்கு அது மனப்பாடம். எடுப்பை அடையாளம் கண்டதும் ஒரு கூச்சல் எழுகிறது. பல்லவி வரும்போது நிகழ்வதுதான் இத்தட்டின் உச்சம். அவர் பல்லவியைக் கூட்டத்திடம் விட்டுக்கொடுத்துவிடுகிறார். கேட்போர் முழுக்குரலில் பாடுகின்றனர்; பெண்களின் குரல் ஓங்கி நிற்கிறது. ஹாத்தவே பின்னால் நின்று, சுருதி பிசகாமல் பியானோவால் தாங்கிக்கொண்டு, இடைவெளிகளில் மட்டும் இரண்டொரு சொல் சேர்க்கிறார். மூப்பர் அடியெடுத்துக் கொடுக்க, சபை பாடுகிறது.

இதில் தயாரிப்பாளர் ஆரிஃப் மார்டினுக்கும் பங்குண்டு. நேரடி இசைத்தட்டுகளில் கூட்டத்தைப் பாட்டின் முடிவில் கைதட்டுவதற்கு மட்டும் உள்ளே விட்டு, மற்ற நேரங்களில் வெளியே நிறுத்திவிடுவது அன்றும் வழக்கம், இன்றும் வழக்கம். இஸ்தான்புல்லில் பிறந்து அமெரிக்கா வந்த மார்டின் அப்படிச் செய்யவில்லை. கூட்டத்தின் குரல் வாத்தியங்களுக்கு நடுவிலேயே கேட்கிறது. யாரோ ஒருவர் மறுமொழி கூறுவதும், யாரோ சிரிப்பதும் தாளத்தோடு கலந்தே வருகின்றன. தனியறையில் இரவில் கேட்கும்போது நாமும் ஒரு நாற்காலியில் இடம் பிடித்துவிட்டதாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். பாட்டில் சொல்லப்படும் ஆறுதலைவிட, நமக்கு முன்பே அதைக் கேட்டு ஆறுதலடைந்தவர்களின் குரல் நமக்கு நெருக்கமாக இருக்கிறது.

இரண்டாம் பக்கம் அக்டோபர் இறுதியில் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில், செங்கற்சுவரை மேடைப் பின்னணியாகக் கொண்ட பிட்டர் எண்ட் விடுதியில் பதிவானது. இங்கே ஜான் லெனனின் ‘ஜெலஸ் கை’ இடம்பெறுகிறது. லெனனின் தட்டு அமெரிக்காவில் வெளியாகி அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அதைச் சபைப் பாட்டைப் போலத் தமதாக்கிக்கொண்டிருக்கிறார். இறுதியில் வரும் நீண்ட பாட்டில் வாத்தியக்காரர் ஒவ்வொருவருக்கும் முறைவைத்து இடம் கொடுக்கிறார். வில்லி வீக்ஸின் பேஸ் கிதார்த் தனி, அவ்வாத்தியம் பயில்வோர் இன்றும் பாடமாகக் கேட்கும் ஒன்று. எனினும் நம் மனம் திரும்பத் திரும்ப முதற்பக்கத்துக்கே போகிறது. இரண்டாம் பக்கத்தில் வியக்கிறோம். முதற்பக்கத்தில் நாம் சேர்த்துக்கொள்ளப்படுகிறோம்.

திருச்சபையின் பாட்டை வெளியே கொண்டுபோய்க் காதலுக்கும் களிப்புக்கும் பாடுவது குறித்துச் சபைகளில் கசப்பு நிலவியது உண்மை. 1954இல் ரே சார்ல்ஸ் ஒரு காஸ்பல் பாட்டின் உருவத்தில் காதற்பாட்டைப் பாடியபோதும், 1957இல் சாம் குக் காஸ்பல் குழுவை விட்டு விலகி வெகுமக்கள் பாட்டுக்குப் போனபோதும் அதைத் துரோகமென்றவர்கள் உண்டு. ஆனால் போக்கு ஒருவழிப்பட்டதாக இருக்கவில்லை. ட்ரூபடோர் இரவுகளுக்கு ஐந்து மாதத்துக்குள், 1972 சனவரி 13, 14 ஆகிய நாள்களில், லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் உள்ள ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் அரீதா ஃப்ராங்க்ளின் பாடினார். தயாரிப்பாளர்களுள் மார்டினும் ஒருவர். அங்கே, தாமஸ் டார்ஸி மனைவியை இழந்த துயரில் எழுதிய பாட்டும் கரோல் கிங்கின் நட்புப் பாட்டும் ஒன்றோடொன்று பின்னிப் பாடப்பட்டன. புரூக்ளினில் வளர்ந்த யூதப் பெண் எழுதிய பாட்டு, மது விற்கும் விடுதியைக் கடந்து பாப்டிஸ்ட் பலிபீடத்தின் முன் போய் நின்றது. சபையாரும் அதைத் தங்களுடையதாக ஏற்றுக்கொண்டனர். ஹாத்தவே இப்பாட்டை அரங்கில் நடத்திய முறையை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. அது எப்போதோ சபைப் பாட்டாகிவிட்டிருந்தது.

அதன் பிறகு ஹாத்தவேயின் வாழ்வில் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே வந்தன. ஃப்ளாக்குடன் பாடிய ‘வேர் இஸ் தி லவ்’ 1973இல் கிராமி விருது பெற்றது. அதே ஆண்டில் வந்த மூன்றாவது தனித்தட்டைப் பெரிய இசைக்குழு வாசிக்கும் ஒரு படைப்போடு தொடங்கினார். ஐசக் வாட்ஸின் 116ஆம் சங்கீதச் செய்யுளுடைய முதலடிதான் அதற்குப் பெயர். செவ்வியல் பயிற்சியும் பாட்டியின் சபையும் ஒரே இடத்தில் சந்திக்கும் அப்படைப்புக்கு உரிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை என்பது நம் கருத்து. அதே தட்டில் உள்ள ‘சம்டே வீல் ஆல் பி ஃப்ரீ’ கறுப்பின விடுதலைப் பாட்டாகப் பரவியது. மால்கம் எக்ஸைப் பற்றி ஸ்பைக் லீ 1992இல் எடுத்த திரைப்படத்தின் முடிவில் அரீதா பாடுவதும் இதைத்தான். பாட்டை எழுதிய எட்வர்ட் ஹவர்டோ, அப்போது மனவேதனையில் உழன்றுகொண்டிருந்த நண்பருக்காகவே எழுதியதாகப் பின்னாளில் கூறினார்.

அந்த வேதனைக்கு மருத்துவர்கள் வைத்த பெயர் மனச்சிதைவு நோய். பலமுறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மருந்து உட்கொள்ளும் நாள்களும் உட்கொள்ளாத நாள்களுமாக ஆண்டுகள் கழிந்தன. 1973க்குப் பின் தனித்தட்டு எதுவும் வரவில்லை. 1978இல் ஃப்ளாக்குடன் பாடிய ‘தி க்ளோஸர் ஐ கெட் டு யூ’ விற்பனைப் பட்டியலில் இரண்டாமிடம்வரை ஏறி, அவரை மீண்டும் கூடத்துக்கு அழைத்துவந்தது. மறு ஆண்டின் தொடக்கத்தில் மற்றொரு தட்டுக்கான பதிவு நடந்துகொண்டிருந்தபோது, அவருடைய பேச்சும் நடத்தையும் இயல்பாக இல்லாததால் அன்றைய வேலை நிறுத்தப்பட்டது. இரவில் விடுதியறைக்குத் திரும்பினார். காவல்துறை தற்கொலை என்று முடிவு செய்தது. முற்றுப்பெற்ற இரண்டு பாட்டுகளைச் சேர்த்து ஃப்ளாக் 1980இல் அத்தட்டை வெளியிட்டார். ஃப்ளாக்கும் 2025 பிப்ரவரியில் மறைந்தார்.

ஹாத்தவேயைப் பற்றி எழுதுவோர் பலர் இந்த முடிவிலிருந்து பின்னோக்கிப் படிக்கிறார்கள். குரலில் நடுக்கம் கேட்டால் அதை நோயின் அறிகுறி என்கிறார்கள். நட்பைப் பற்றிய பாட்டைத் தனிமையின் ஓலம் என்கிறார்கள். நமக்கு இது உடன்பாடில்லை. ட்ரூபடோரில் பாடுபவர் வயது 25 நிரம்பிய, தம் தொழிலில் முழுத்தேர்ச்சி பெற்ற, கூட்டம் எப்போது நுழையும் என்பதைத் துல்லியமாக அறிந்த கலைஞர். அவர் அன்று மகிழ்ச்சியாக இருந்தார் என்பதற்குத் தட்டைத் தவிர வேறு சாட்சி தேவையில்லை. நோய் அவருக்கு இருந்தது. இசை நோயிலிருந்து வரவில்லை. அது பாட்டி வீட்டிலிருந்தும் ஹவர்ட் வகுப்பறையிலிருந்தும் வந்தது. ஏழாண்டுகளுக்குப் பின் நேர்ந்த சாவை அந்த இரவுகளின் மீது ஏற்றுவது, அவருக்கு மட்டுமின்றி உடன்பாடிய அத்தனை பேருக்கும் இழைக்கும் அநீதி.

நேரடி இசை ஆறுதல் தருகிறது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். யார் யாருக்குத் தருகிறார்கள் என்று கேட்டால் இத்தட்டில் பதில் குழம்பிவிடுகிறது. பாடகர் தம் வரியை விட்டுக்கொடுக்கும் அந்தப் பல்லவியில், நண்பன் இருக்கிறான் என்ற உறுதிமொழியை அரங்கு அவருக்குக் கூறுகிறதா, அவர் அரங்குக்குக் கூறுகிறாரா, அருகிலிருப்பவர்கள் தமக்குள் கூறிக்கொள்கிறார்களா என்று பிரித்தறிய இயலவில்லை.

‘தி கெட்டோ’வில் அழுத கைக்குழந்தை லேலா ஹாத்தவே வளர்ந்து, தாழ்ந்த சுருதியில் பாடும் தேர்ந்த பாடகியானார். அவர் தம் நேரடி இசைத்தட்டைப் பதிவு செய்யத் தேர்ந்தெடுத்த இடம் தந்தை பாடிய அதே ட்ரூபடோர். அது 2015இல் வெளியாயிற்று. பிட்டர் எண்ட் இரவுகளில் தந்தை பாடிய ‘லிட்டில் கெட்டோ பாய்’ அதில் இருக்கிறது. அடுத்த ஆண்டில் அப்பாட்டுக்கு கிராமி கிடைத்தது. தந்தையின் குரலை அவர் நகலெடுக்கவில்லை. பாட்டை மெதுவாக, தம் போக்கில், ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைக்கிறார். முதற்சொல் காதில் விழுந்ததும் 1971ஆம் ஆண்டின் அந்தக் கூச்சல் மறுபடியும் எழுகிறது.